ஐப்பசி அடைமழைக்கு முன்னால்... வீட்டின் வெளிப்புறத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டீர்களா?

புரட்டாசி பிறந்துவிட்டால் வீட்டுக்குள் ஆயிரம் வேலை. கொலு, சனிக்கிழமை தளிகை, தீபாவளித் துணி, பட்சண லிஸ்ட். வீட்டுக்கு வெளியே இருக்கும் வேலை மட்டும் யார் கண்ணிலும் படாது. முதல் பெருமழை அடித்து, படுக்கையறைச் சுவரில் மேப் போட்டதுபோல ஈரக்கறை படரும்போதுதான் மேஸ்திரியின் நம்பரைத் தேடி வீடே பரபரக்கும். அப்போது மேஸ்திரி கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் நனைந்த தளத்தில் அவரால் உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது.

குளிர் நாடுகளில் செப்டம்பர், அக்டோபர் என்றால் இலையுதிர்காலம். பனி கொட்டுவதற்குள் கூரையில் விழுந்த இலைகளை அள்ளி, ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிடுவார்கள். நமக்குப் பனி இல்லை. அதே மாதங்களில் நம்மைத் தேடி வருவது வடகிழக்குப் பருவமழை. சாதாரணமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் இந்த மழைதான் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவருகிறது. கடலோர மாவட்டங்களில் இன்னும் அதிகம்.

எவ்வளவு தண்ணீர் என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். பத்து சென்டி மீட்டர் மழைக்கு 9,300 லிட்டர் அதன்மேல் விழும். 2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 சென்டி மீட்டர். அப்படியானால் அதே மாடியில் 45,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏறக்குறைய நான்கைக் கொண்டுவந்து, ஒரே நாளில் தலைக்கு மேலே கொட்டியதற்குச் சமம். 2023 டிசம்பரில் காயல்பட்டினம் பார்த்தது இதைப்போல இரண்டு மடங்கு. 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டி மீட்டர்!

இவ்வளவும் எங்கே போகிறது? நாலு அங்குல பைப் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த பைப்பின் வாயில் ஒரு பாலித்தீன் கவரும் கொஞ்சம் வேப்பிலைச் சருகும் சேர்ந்தால் போதும், மொட்டை மாடி நீச்சல் குளமாகிவிடும். ஆயிரம் சதுர அடியில் ஒரே ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினால் அதன் எடை 2,300 கிலோவுக்கும் மேல். எனவே, முதல் வேலை மொட்டை மாடியில்தான்.

மாடிக்கு ஒரு வாளித் தண்ணீரோடு போங்கள்

உடைந்த நாற்காலி, பழைய கமோடு, மிச்சமான டைல்ஸ் பெட்டி என்று பல வீடுகளில் மொட்டை மாடி பாதி குடோன். முதலில் அதை ஒழித்து, பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவும்போதே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்த்துவிடலாம். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். வாட்டம் சரியில்லாத இடத்தில் குட்டை கட்டி நிற்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். கீழே கறை தெரியும் அறைக்கும் அந்த வட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தளத்துக்குள் இறங்கிய தண்ணீர் நேராகக் கீழே சொட்டுவதில்லை, பக்கவாட்டில் பயணப்பட்டு வசதியான இடத்தில் தலைகாட்டும். கறைக்கு நேர் மேலே மட்டும் சிமென்ட் பூசிவிட்டு, "பூசியும் ஒழுகுதே" என்று நொந்துகொள்கிறவர்கள் அதிகம்.

அடுத்து, தட்டிப் பார்ப்பது. தட்டோடோ கூலிங் டைல்ஸோ, ஒரு சின்னக் கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்டினால் நன்றாக ஒட்டியிருப்பது 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும். அடியில் பிடிப்பு விட்டது 'பொத்'தென்று சத்தம் போடும். அந்த ஓடுகளை எடுத்துவிட்டு மறுபடி பதிக்க வேண்டும். ஓடுகளுக்கு நடுவே உள்ள இணைப்புகளில் சாந்து கொட்டியிருந்தால் சுரண்டி எடுத்து, வாட்டர் புரூஃபிங் கலவை சேர்த்துப் புதிதாக அடைக்க வேண்டும்.

ஆனால், பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் என்ற யோசனைக்கு மட்டும் சட்டென்று தலையாட்டாதீர்கள். ஆயிரம் சதுர அடிக்கு ஓர் அங்குலம் சிமென்ட் கலவை என்பதே நான்கு டன்னைத் தாண்டும். முப்பது வருடக் கட்டடத்தின் தலையில் மூன்று முறை தளம் போட்ட கதைகள் ஊருக்கு நாலு இருக்கின்றன.

நகரத்தின் பழைய தெருக்களில் மிச்சமிருக்கும் 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளுக்குக் கணக்கே வேறு. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய தளம் அது. சுண்ணாம்பு மூச்சு விடும், சிமென்ட் விடாது. ஒழுகுகிறதே என்று அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு உத்திரத்தை உளுக்க வைத்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்தான். ஆனாலும் தேடத்தான் வேண்டும்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைப் பலரும் கவனிப்பதில்லை. கீழ்த்தளம் வரை ஒழுகும் பல வீடுகளில் குற்றவாளி அந்த மூலைதான். அங்கே சாந்தை வளைவாகப் பூசியிருந்தால் தண்ணீர் சறுக்கிப் போய்விடும். நேர்க்கோணமாக விட்டிருந்தால், வெயிலில் விரிந்து சுருங்கி மயிரிழை விரிசல் விழும். அதே இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்து நிற்கும். காக்கை போட்ட விதை! இலையைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். சுற்றியுள்ள பூச்சைக் கொத்தி, வேரோடு எடுத்துவிட்டு அடைத்தால்தான் தீரும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அந்த ஆண்டு போட்ட குழி இப்போது எந்த நிலைமையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வடிகட்டித் தொட்டியின் மணலும் கூழாங்கல்லும் சேறு கட்டிப்போயிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. எடுத்து அலசிப் போட அரைநாள் வேலை. முதல் ஒன்றிரண்டு மழையில் மாடியின் தூசியெல்லாம் சேர்ந்து வரும் என்பதால், அதை வெளியே விட்டுவிட்டு அதற்குப் பிறகு தொட்டிக்குத் திருப்புங்கள்.

சுவர் சொல்லும் சேதி

வெளிச்சுவரை ஒரு சுற்று சுற்றி வரும்போது முதலில் பார்க்க வேண்டியது சன்ஷேட். அதன் மேல்பக்கம் சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால், ஜன்னலுக்கு மேலே உள்பக்கம் ஓதம் அடிக்கும். அடிப்பக்கம் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு சின்னப் பள்ளம் விட்டிருப்பார்கள். ஓரத்தில் வழியும் தண்ணீர் உள்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வந்துவிடாமல், அங்கேயே சொட்டிவிட வேண்டும் என்பதற்காக. பத்து வருட பெயின்ட் அந்தப் பள்ளத்தை மூடியிருந்தால் சுரண்டி விடுங்கள். காசே இல்லாத வேலை.

விரிசல்களில் எல்லாமே ஆபத்தில்லை. பூச்சில் சிலந்தி வலை மாதிரி ஓடும் மெல்லிய கோடுகள் பூச்சோடு நின்றுவிடும். பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விழும் விரிசல், இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது. அங்கே பூச்சுக்குள் கோழிவலை வைத்திருக்க வேண்டும், பல வீடுகளில் வைத்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் சுரண்டி, வெறும் சிமென்ட் இல்லாமல் விரிந்து கொடுக்கும் கிராக் ஃபில்லர் வைத்து அடைத்தால் போதும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல ஏறும் விரிசல், ஒரு ரூபாய் நாணயம் நுழையும் விரிசல், மாதத்துக்கு மாதம் நீளும் விரிசல் ஆகியவற்றை அடைப்பதற்கு முன் இன்ஜினீயரிடம் காட்டுங்கள். நீள்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தாலே போதும்.

பால்கனிக்கு அடியில் நின்று நிமிர்ந்தும் பாருங்கள். கான்கிரீட் பொக்கையாகி, துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு உப்பும். அந்த உப்பலில் கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாக விழும். மேலே வெள்ளைச் சிமென்ட் பூசி மறைப்பது, காய்ச்சலை மறைக்க முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி. தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து, துரு தடுப்பு பூசி, அதற்குரிய கலவையால் நிரப்ப வேண்டும். அது முடியும் வரை அந்த பால்கனிக்குக் கீழே ஸ்கூட்டர் நிறுத்தவோ, குழந்தைகள் விளையாடவோ விடாதீர்கள்.

இனி பெயின்ட். தீபாவளிக்கு வீட்டை வெளுத்துவிட வேண்டும் என்ற ஆசையில், அக்டோபரில் இரண்டு மழைக்கு நடுவே வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. ஈரச் சுவரில் ஏறிய பெயின்ட் பொங்கலுக்குள் கொப்புளம் கொப்புளமாக உரிந்து நிற்கும். நம் ஊரில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது காலங்காலமாகப் பொங்கலை ஒட்டித்தான் நடந்திருக்கிறது. மழை ஓய்ந்து, சுவர் காயத் தொடங்கும் மாதம் அது. வெளிப்பக்கம் பெயின்ட் அடித்தே ஆக வேண்டுமென்றால் செப்டம்பருக்குள் முடியுங்கள். ஓர் அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஓர் இரவு ஒட்டி வையுங்கள். காலையில் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். புதிதாகப் பூசிய சுவருக்கு நாலு வாரமாவது அவகாசம் வேண்டும்.

மதில் சுவரை யாரும் பார்ப்பதில்லை

வீட்டைப் பார்த்துப் பார்த்துப் பராமரிப்பவர்கள்கூட காம்பவுண்டு சுவரைக் கட்டிய நாளோடு மறந்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அந்தச் சுவர்தான்.

2019 டிசம்பர் 2-ம் தேதி விடியற்காலை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், கனமழையில் ஊறிய உயரமான மதில் சுவர் ஒன்று பக்கத்திலிருந்த வீடுகளின் மேல் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்துபோனார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். சுவர் ஒருவருடையது. அதன் நிழலில் வாழ்ந்தவர்கள் வேறு மனிதர்கள். வெளிப்புறப் பராமரிப்பு என்பது சொந்த வீட்டு அழகு விஷயம் மட்டுமல்ல என்பதை இதைவிடக் கொடூரமாக யாரும் சொல்லிவிட முடியாது.

காம்பவுண்டு சுவர் என்பது மறைப்புக்காகக் கட்டப்படுவது. மண்ணைத் தாங்குவதற்கு அல்ல. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? மனையை மேடாக்க ஒரு பக்கம் மூன்றடி மண் கொட்டுகிறார்கள். கட்டட இடிபாட்டைச் சுவரோரம் குவிக்கிறார்கள். பாதுகாப்புக்காக என்று, அஸ்திவாரத்தைத் தொடாமல் மேலே மேலே நாலு வரி செங்கல் ஏற்றுகிறார்கள். பக்கத்து மனைக்காரர் தன் பக்கம் பள்ளம் தோண்டுகிறார். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழையில் மண் ஊறியதும் அதன் எடை கூடுகிறது. வெளியேற வழியில்லாத தண்ணீரும் சேர்ந்து சுவரைத் தள்ளுகிறது. ஆழம் கூடக்கூட அந்த அழுத்தமும் கூடும். சுவரின் அடிப்பாகத்தில்தான் அது அதிகம்.

அதனால்தான் மண் அணைந்த சுவர்களில் கீழ்ப்பகுதியில் வரிசையாக நீர் வடியும் துளைகள் விடுகிறார்கள். உங்கள் சுவரில் அவை இருக்கின்றனவா, சாந்தாலும் மண்ணாலும் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். துளையே இல்லை, பின்னால் மண் மட்டும் மேடாக இருக்கிறது என்றால், மண்ணை இறக்குவதுதான் முதல் வேலை. கொத்தனாரின் தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டால் சுவர் சாய்ந்திருப்பது தெரிந்துவிடும். நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ, அடியில் நீளவாக்கில் விரிசல் ஓடினாலோ, மழை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இறக்கிவிட்டு அப்புறம் கட்டிக்கொள்ளலாம். சுவர் பக்கத்து வீட்டாருடையது என்றால் பேசத் தயங்காதீர்கள். பேசியும் பயனில்லை என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் போட்டோவோடு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநிலத்துக்கு 1070.

ரோடு ஏற ஏற, வீடு இறங்குகிறது

பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வாசலுக்கு மூன்று படி ஏறிய வீடுகள் இன்று மூன்று படி இறங்குகின்றன. இதற்கு ஒரு தனி வீட்டுக்காரர் செய்யக்கூடியது குறைவு. ஆனால் தரைக்குச் சமமாக இருக்கும் சம்ப்பின் வாயை ஓர் அடி உயர்த்திக் கட்டலாம். தெருத் தண்ணீரும் சாக்கடையும் குடிநீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டால், பிறகு எத்தனை முறை பிளீச்சிங் போட்டாலும் மனசு ஒப்பாது. கழிவுநீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் தெருச் சாக்கடை நிரம்பும்போது அது பாத்ரூம் வழியாக வீட்டுக்குள் எதிர்த்து வராது.

ஈபி மீட்டர் பெட்டி தாழ்வாக இருந்தால், மின்வாரியத்துக்கு விண்ணப்பித்து உயர்த்திவிடுங்கள். வெளிப்புற லைட், மோட்டார் ஸ்விட்ச், மாடிப்படி ப்ளக் எல்லாவற்றையும் எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்து, கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தி உறுதி செய்யுங்கள். இரும்புத் துணிக்கொடி மின் ஒயரைத் தொடாமல் இருக்க வேண்டும். மின் புகாருக்கு 'மின்னகம்' எண் 94987 94987.

ஓடு, ஓலை, தகரம்

எல்லோருக்கும் கான்கிரீட் மாடி இல்லையே. நாட்டு ஓட்டு வீடுகளில் பூனையும் குரங்கும் ஓடியே ஓடு நகர்ந்துவிடும். மழைக்கு முன் ஓடு மாற்றுகிறவர் வந்து, பிரித்து, உடைந்ததைக் களைந்து அடுக்கிவிட்டுப் போவது வருடாந்தர வழக்கமாக இருந்தது. இப்போது அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டதால் சொல்லி வைத்துத்தான் கூப்பிட வேண்டும். பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய மங்களூர் ஓடு ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்பதால் அவ்வளவு நகராது. ஆனால், இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் சருகு அடைத்தால் எந்த ஓடாக இருந்தாலும் தண்ணீர் உள்ளேதான் கொட்டும்.

டெல்டா பக்கம் கீற்றுக் கூரை வீடுகளில், மண் சுவரில் சாரல் அடிக்காமல் இருக்க முடைந்த கீற்றைத் தட்டியாகச் சுற்றிலும் கட்டித் தொங்கவிடுவார்கள். மண் சுவர் நனையாத வரை கல் மாதிரி நிற்கும். நனைந்தால் கரையும். மேல் கூரையை மேய்வதற்குப் பணம் புரளாத வருடத்திலும் அந்தத் தட்டியை மட்டுமாவது கட்டிவிடுவது நல்லது.

தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸும் தண்ணீரைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். 2016-ல் வர்தா, 2018-ல் கஜா. இரண்டிலும் ஷீட்டுகள் பறந்ததை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜே போல்ட்டுகளை இறுக்கி, வெடித்த வாஷர்களை மாற்றுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் மேல் நேராகக் கால் வைத்து ஏறக் கூடாது. குறுக்கே பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். அதைத் துளையிடுவதும் அறுப்பதும் நுரையீரலுக்குக் கேடான தூசியைக் கிளப்பும். மொட்டை மாடி டிஷ், சோலார் பேனல், ஏசி அவுட்டோர் யூனிட் ஸ்டாண்டு, கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக வைத்த பூந்தொட்டி ஆகியவையும் இதே கணக்குதான். முருங்கை மரத்தை மழைக்கு முன் கழித்துவிடுங்கள். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள்.

சரி, செலவு யாருடையது?

பாதி வீடுகளில் வேலை நிற்பது இந்தக் கேள்வியில்தான். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கட்டடத்தின் கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியுமான ஒயரிங் எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. வடிகாலைச் சுத்தம் செய்வது, குழாய் வாஷர் மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒழுகலைக் கண்டதும் போனில் சொன்னால் மட்டும் போதாது. போட்டோ எடுத்துத் தேதியோடு வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ சொல்லிவிடுங்கள். உரிமையாளர்களுக்கும் இதில் லாபம்தான். செப்டம்பரில் ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒருநாள் கூலியோடு முடிகிற வேலை, ஒரு மழைக்காலம் ஊறிய பிறகு சீலிங்கையே உடைக்கும் வேலையாக வளர்ந்து நிற்கும்.

ஃப்ளாட்டுகளில் சண்டை வேறு ரகம். மாடி ஒழுகினால் நனைவது மேல்தளத்து வீடு. தரைத்தளத்துக்காரர் தனக்கென்ன என்பார். மொட்டை மாடி பொதுவாக எல்லோருக்குமான இடம். துணி உலர்த்தவும் பட்டாசு வெடிக்கவும் பங்கு கேட்பவர்கள், செலவிலும் பங்கு தருவதுதான் நியாயம். ஆகஸ்ட் மாத அசோசியேஷன் கூட்டத்திலேயே இதை அஜெண்டாவில் வைத்துவிட்டால் அக்டோபரில் லிஃப்ட்டுக்குள் முறைத்துக்கொள்ள வேண்டாம்.

வேலைக்கு ஆள் கூப்பிடும்போது ஒரு விஷயம். வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி வேலை செய்பவருக்கு சேஃப்டி பெல்ட்டும் ஹெல்மெட்டும் இருக்கிறதா என்று கேட்பது வீட்டுக்காரரின் வேலையும்தான். கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். கயிற்றைக் கட்டியிருக்கும் இடம் எது என்றும் பாருங்கள். தளர்ந்துபோன கைப்பிடிச் சுவரிலோ, துருப்பிடித்த டேங்க் பைப்பிலோ ஒருவர் உயிர் தொங்கக் கூடாது. மழை தூறத் தொடங்கினால் மீதியை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்களே இறங்கச் சொல்லுங்கள். கூலியைப் பிடிக்காமல்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை பாக்கி. மாடியின் தண்ணீர் வாய்களைத் துணியால் அடைத்து, சந்தேகப்பட்ட இடத்தைச் சுற்றி மட்டும் சாந்தால் சின்னதாகப் பாத்தி கட்டி, ஓர் அங்குலம் தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பாருங்கள். கீழே சீலிங்கில் ஈரம் தட்டவில்லை என்றால் மேஸ்திரிக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிடலாம். பாத்தியை உடைத்து, வாயில் அடைத்த துணியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.